மன்னிப்பில் தொடங்கிய சட்டநூல்

போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில், ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த க்ரோக்மால்னா தெருவின் 92 ஆம் எண் இல்லத்தில் வாரந்தோறும் ஒரு நீதிமன்றம் கூடியது. நீதிபதிகள் ஐவர், அவர்களுள் எவருக்கும் பதினைந்து வயது நிரம்பவில்லை. குற்றம் சாட்டப்பட்டோரும் சாட்டியோரும் அதே வயதினர். அடித்தவன், திருடியவள், பட்டப்பெயர் சூட்டி அழவைத்தவன், பொதுவேலையைத் தட்டிக்கழித்தவள் எனப் பலரின் வழக்குகள் அங்கே விசாரிக்கப்பட்டன. ஒரு நாள் குற்றவாளியின் இடத்தில் அந்த இல்லத்தின் தலைவரே நின்றார். மருத்துவர், எழுத்தாளர், நாடறிந்த கல்வியாளர் எனப் பெயர்பெற்றவர் அவர். ஒரு சிறுவனின் காதில் அறைந்தமைக்காகத் தம்மீது தாமே வழக்குத் தொடுத்திருந்தார். அவர் பெயர் யானுஷ் கோர்ச்சாக்.

தவறு செய்த சிறாரைத் தண்டித்து ஒதுக்குவதைவிட, நேர்ந்த தீங்கை அவர்கள் உணரவும், தீங்குற்றவர் குரல் கேட்கப்படவும், இருவரும் ஒரே சமூகத்தில் மீண்டும் இணைந்து வாழவும் வழி தேடுவதை இன்றைய சட்ட அறிஞர்கள் மீட்டெடுக்கும் நீதி என்று அழைக்கின்றனர். இச்சொல் வழக்குக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, அதன் உள்ளீட்டை நூறு குழந்தைகள் வாழ்ந்த ஓர் இல்லத்தில் நடைமுறைப்படுத்திப் பார்த்தவர் கோர்ச்சாக்.

வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை

கோர்ச்சாக்கின் இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். வார்சாவில் வசதிமிக்க யூதக் குடும்பமொன்றில் ஜூலை 22 அன்று பிறந்தார். பிறந்த ஆண்டு 1878 அல்லது 1879. தந்தை யூசெஃப் அவருடைய பிறப்பை உரிய காலத்தில் பதிவு செய்யாமல் விட்டதால், தம் வயது அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. பெயர்பெற்ற வழக்கறிஞரான தந்தை ஆவணமொன்றில் காட்டிய இந்த அசட்டை, மகனின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

அக்காலத்தில் வார்சா, உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பள்ளிகளில் பிரம்படி அன்றாட வழக்கம். தொடக்கப்பள்ளியில் மாணவன் ஒருவன் எல்லார் முன்னிலையிலும் கிடத்தி அடிக்கப்பட்டதைக் கண்ட அச்சம் ஹென்ரிக்கை நெடுங்காலம் விடவில்லை. இதற்கிடையே தந்தைக்கு மனநோய் கண்டது. மருத்துவமனைச் செலவுகளில் குடும்பச் செல்வம் கரைந்தது. 1896 இல் தந்தை இறந்தபோது, பதின்பருவத்தைக் கடக்காத மகன், பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தாயையும் சகோதரியையும் தாங்க வேண்டியவரானார். தந்தையின் நோய் தம்மையும் தொற்றுமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. இறுதிவரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தமக்கெனப் பிள்ளைகளும் வேண்டாமென்று முடிவு செய்தார்.

1898 இல் இலக்கியப் போட்டி ஒன்றுக்கு நாடகம் எழுதி அனுப்பியபோது, பழைய போலந்து நாவல் ஒன்றின் கதைமாந்தர் பெயரைத் தழுவி யானுஷ் கோர்ச்சாக் என்னும் புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். அப்பெயரே நிலைத்தது. அதே ஆண்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். மாணவராக இருந்த நாள்களில் வார்சாவின் சேரிகளில் அலைந்து திரிந்தார். அங்கே பிச்சையெடுத்த, சிறு திருட்டுகளில் பழகிய, குடிகாரர்களுக்கு நடுவே வளர்ந்த குழந்தைகளுடன் பழகினார். 1901 இல் வெளிவந்த ‘தெருக்குழந்தைகள்’ என்னும் நாவல் அந்த அலைச்சலின் விளைவாகும்.

முதல் இரவு

1904 ஆம் ஆண்டுக் கோடையில், ஏழைச் சிறுவர்களுக்கான விடுமுறை முகாம் ஒன்றில் கோர்ச்சாக் மேற்பார்வையாளராகப் பணியேற்றார். நகரத்தின் இருண்ட முற்றங்களில் வளர்ந்த சிறுவர்கள் காட்டையும் ஆற்றையும் முதன்முறையாகக் காண்பார்கள். தாமும் அவர்களோடு சேர்ந்து மகிழலாம் என்பது இளைஞரின் கற்பனை. உள்ளதோ வேறாக இருந்தது. எவருக்கு எந்தக் கட்டில், எவருக்கு எந்த நாற்காலி என்பதில் தொடங்கிய சண்டை, இரவில் படுக்கையறையில் கூச்சலாகவும் சீழ்க்கையாகவும் வெடித்தது. பொறுமையிழந்த கோர்ச்சாக் அச்சுறுத்தினார். கூச்சலிட்ட ஒருவனின் காதைப் பற்றி இழுத்தார். அடித்தும் மிரட்டியும் ஆள்வதை எழுத்தில் எதிர்த்து வந்தவர், ஒரே இரவில் அதே கருவியைக் கையில் எடுத்துவிட்டார்.

இத்தோல்வியை அவர் மறைக்கவில்லை. பின்னாளில் எழுதிய கல்விநூலில் அந்த இரவை விரிவாகவே பதிவு செய்தார். அடுத்த சில நாள்களில் சிறுவர்களைக் காட்டில் ஓரிடத்தில் கூட்டினார். அவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தாமல், இந்த முகாமை எப்படி நடத்தலாம் என்று அவர்களிடமே கேட்டார். குழந்தைகளிடம் பேசுவதற்கும் குழந்தைகளோடு பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாம் கற்றுக்கொண்டது அன்றுதான் என அவர் கருதினார். சிறுவர்களே கூடிச் சச்சரவுகளைத் தீர்க்கும் வழக்கம் அம்முகாம்களில் முளைவிட்டது.

1905 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். உருசிய-சப்பானியப் போரில் படைமருத்துவராக அனுப்பப்பட்டுத் திரும்பினார். வார்சாவின் குழந்தைகள் மருத்துவமனையில் ஏழாண்டுகள் பணியாற்றினார். செல்வர் வீடுகளில் மிகுந்த கட்டணம் பெற்று, ஏழைகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் பார்த்தார். ஆயினும் மருத்துவமனை வாயிலில் அவரை ஒரு கேள்வி எப்போதும் நிறுத்தியது. நோய் நீங்கிய குழந்தை எங்கே திரும்பிச் செல்கிறது? அதே ஈரச் சுவர்களுக்கும் அதே பசிக்கும் அதே அடிக்கும்தான். 1912 இல் யூத ஆதரவற்ற குழந்தைகளுக்காகக் க்ரோக்மால்னா தெருவில் புதிய இல்லம் திறக்கப்பட்டபோது, மருத்துவமனைப் பணியை விட்டு அதன் தலைமையை ஏற்றார். அவருடன் இணைந்து இல்லத்தின் நாள்முறை நிருவாகம் முழுவதையும் தாங்கியவர் ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்னும் பெண்மணி. கோர்ச்சாக்கின் புகழ் பெரிதாக வளர்ந்ததால் அம்மையாரின் பெயர் அதன் நிழலில் மறைந்துவிட்டது. ஆனால் முதல் உலகப்போர் ஆண்டுகளில் கோர்ச்சாக் போர்முனையில் இருந்தபோது, அந்த இல்லம் அணையாமல் இருந்ததற்குக் காரணம் அவரே.

தொண்ணூற்றொன்பது பிரிவுகள்

இல்லத்திற்கு வந்த குழந்தைகள் தெருவின் சட்டத்தை அறிந்தவர்கள். வலியவன் அடிப்பான், மெலியவன் பதுங்குவான், கிடைத்ததை மறைத்து வைத்துக்கொள்ள வேண்டும், பெரியவர்களை நம்பலாகாது. புதிய கட்டடம், தூய படுக்கை, வேளைக்கு உணவு ஆகியவற்றால் மட்டும் இந்தச் சட்டத்தை மாற்ற முடியவில்லை. முதல் ஆண்டு கொடுமையாக இருந்தது. பெரியவர்கள் முன் பணிவும் அவர்கள் முதுகுக்குப் பின் எதிர்ப்புமாகக் குழந்தைகள் நாள்களைக் கழித்தனர்.

அப்போது உலகம் சிறார் குற்றத்தைப் பற்றிச் சற்றே வேறாகச் சிந்திக்கத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1899 இல் சிறார்க்கெனத் தனி நீதிமன்றம் தோன்றியிருந்தது. வளர்ந்தோருடன் ஒரே சிறையில் சிறுவரை அடைக்கலாகாது என்ற கருத்து பரவிக்கொண்டிருந்தது. ஆனால் அங்கும் தீர்ப்பு பெரியவர் கையில்தான் இருந்தது. பெரியவரின் கருணையும் பெரியவரின் சினத்தைப் போலவே நிலையற்றது என்பதைக் கோர்ச்சாக் தம்மிடமே கண்டிருந்தார். நல்ல ஆசிரியர் ஒருவரின் மனநிலையை நம்பிக் குழந்தை வாழ்வது அவருக்கு உடன்பாடில்லை. இரக்கத்தைக் காட்டிலும் உரிமை உறுதியானது. உரிமைக்கு ஒரு மன்றம் வேண்டும். எனவே குழந்தைகளே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றத்தை நிறுவி, அதற்கெனச் சட்டநூல் ஒன்றையும் எழுதினார். 1920 அளவில் வெளிவந்த ‘குழந்தையை நேசிப்பது எப்படி’ என்னும் நூல்தொகுதியின் இறுதிப்பகுதியில் அது இடம்பெற்றுள்ளது.

நடைமுறை எளிது. மனத்தாங்கல் கொண்ட குழந்தை, தன் பெயரையும் தான் குற்றம் சாட்டும் ஆளின் பெயரையும் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். உடனே விசாரணை கிடையாது. வழக்கு ஏட்டில் பதிவாகும். இருதரப்பும் சாட்சிகளும் கூறுவன எழுதப்படும். வாரத்திற்கு ஒருமுறை மன்றம் கூடும். இந்த இடைவெளி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. சினம் தணிந்தபின் பலர் தம் வழக்கைத் தாமே திரும்பப் பெற்றனர். தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொள்ளும் உரிமையும் எல்லார்க்கும் இருந்தது. அவ்வாரத்தில் தம்மீது வழக்கு எதுவும் இல்லாத குழந்தைகளுள் ஐவர் சீட்டுக் குலுக்கல் முறையில் நீதிபதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆகவே நேற்றைய குற்றவாளி நாளைய நீதிபதியாகலாம். இன்றைய நீதிபதி மறுவாரம் மன்னிப்பு வேண்டி நிற்கலாம். ஆசிரியர் செயலாளராக இருந்து வாக்குமூலங்களைப் படிப்பார். அவருக்கு வாக்குரிமை இல்லை.

சட்டநூலின் அமைப்பே அதை இயற்றியவரின் உள்ளத்தைக் காட்டுகிறது. முதல் பிரிவு முதல் தொண்ணூற்றொன்பதாம் பிரிவு வரையிலான எண்கள் அனைத்தும் வழக்கைத் தள்ளுபடி செய்வதற்கோ மன்னிப்பதற்கோ உரியவை. அறியாமல் செய்தான், விளையாட்டு வினையாயிற்று, பலர் செய்த தவற்றுக்கு ஒருவனைக் குறைசொல்ல முடியாது, சீண்டப்பட்டதால் நிலைதவறினான், செய்ததை எண்ணி வருந்துகிறான் எனக் காரணங்கள் வகைவகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. மன்னிப்பதற்கும் நீதிபதி ஆராய வேண்டியிருந்தது. வெறுமனே இரங்கிவிட்டுப் போக முடியாது. குற்றம் நிகழ்ந்தது என்று கூறும் பிரிவுகளோ நூறு, இருநூறு, முந்நூறு என ஆயிரம் வரை பத்து மட்டுமே. நூற்றுக்கும் இருநூற்றுக்கும் இடையில் வேறு பிரிவே இல்லை. அந்த வெற்றிடம் தற்செயலானதன்று. கண்டனத்தை நோக்கி எடுக்கும் ஒவ்வோர் அடியும் நெடுந்தொலைவு என்பதை எண்களே சிறுவர்களுக்கு உணர்த்தின.

நூறாம் பிரிவு மன்னிக்கவில்லை. செயல் நிகழ்ந்தது என்று மட்டும் கூறியது. இருநூறாம் பிரிவு, செய்தது தவறு, எவர்க்கும் நேரக்கூடியதே, இனி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. முந்நூறும் நானூறும் கண்டனத்தைக் கடுமையாக்கின. ஐந்நூறில் குற்றவாளியின் முழுப்பெயர் இல்லத்தின் செய்தித்தாளில் வெளிவரும். அறுநூறில் பலகையிலும் ஒட்டப்படும். எழுநூறில் குடும்பத்தார்க்கும் எழுதப்படும். பெயரை வெளியிட்டு நாணச் செய்யும் இம்முறையை இன்றைய சிறார் நீதி ஏற்பதில்லை. இளையவரின் அடையாளம் காக்கப்பட வேண்டும் என்பதே இன்றைய சட்டம். கோர்ச்சாக்கின் நூலில் காலத்தின் சாயல் படிந்த இடம் இது.

எண்ணூறாம் பிரிவு வியப்பானது. தன்னிடம் வேறு வழியில்லை என்று மன்றம் ஒப்புக்கொள்ளும் இடம் அது. வேறு நிறுவனங்களில் வழங்கும் தண்டனைகள் ஒருவேளை பயன்படலாம், ஆனால் அவை இங்கே இல்லை. எனவே குற்றவாளிக்கு ஒரு வாரம் அளிக்கப்படும். அவ்வாரத்தில் அவன் எவர்மீதும் வழக்குத் தொடுக்க முடியாது. அவன்மீதும் எவரும் தொடுக்க மாட்டார்கள். சட்டத்திற்கு வெளியே நின்று அவன் சிந்திக்க வேண்டும். தொள்ளாயிரத்தில் மன்றம் நம்பிக்கை இழக்கிறது. ஆனால் அப்போதும் ஒரு கதவு திறந்திருக்கும்: அவனுக்காகப் பொறுப்பேற்க ஒரு தோழன் முன்வந்தால் அவன் இருக்கலாம். ஆயிரமே வெளியேற்றம். அவ்வாறு வெளியேற்றப்பட்டவனும் மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் சேர விண்ணப்பிக்கலாம். அடி, பட்டினி, இருட்டறை ஆகியவை இந்தச் சட்டநூலின் எந்தப் பிரிவிலும் இல்லை.

நான்கு வார மௌனம்

இத்தகைய அமைப்பு தொடங்கிய நாளிலேயே வெற்றி பெற்றிருக்கும் என்று எண்ணுவது தவறு. சிறு சச்சரவுகளெல்லாம் வழக்குகளாகிக் குவிந்தன. உன்மீது வழக்குத் தொடுப்பேன் என்பதே அச்சுறுத்தலாகியது. வலிய சிறுவர்கள்மீது வழக்குத் தொடுக்க மெலியவர்கள் அஞ்சினர். தண்டனை இல்லாத மன்றத்தை அடங்காத சிலர் எள்ளி நகையாடினர். அவர்களைக் கண்டு பிறரும் அதை மதிக்காமல் போயினர். நாளடைவில் மன்றம் தளர்ந்து, சிலரின் கைக்கருவியாக மாறும் நிலை தோன்றியது.

கோர்ச்சாக் ஓர் அரிய முடிவை எடுத்தார். நீதிமன்றத்தை நான்கு வாரங்கள் நிறுத்திவைத்தார். மன்றம் இல்லாத இல்லம் எப்படி இருக்கும் என்பதைக் குழந்தைகளே உணரட்டும் என்று விட்டார். எவர் மகிழ்ந்தார், எவர் வருந்தினார், எவர் பழைய தெருச்சட்டத்துக்குத் திரும்பினார் என்பதைக் குறித்துக்கொண்டார். மருத்துவர் நோயாளியின் வெப்பநிலையை நாள்தோறும் பதிவு செய்வதைப் போன்றதே அவருடைய முறை. உணர்ச்சியுரைகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

மன்றம் மீண்டும் திறக்கப்பட்டபோது திருத்தங்கள் வந்தன. தீர்ப்பில் நிறைவடையாதவர் ஒரு மாதத்துக்குப் பின் மறுவிசாரணை கோரலாம். சிக்கலான வழக்குகள், ஆசிரியர் ஒருவரும் குழந்தைகள் தேர்ந்தெடுத்த நீதிபதிகள் இருவரும் அடங்கிய மன்றக் குழுவுக்குச் செல்லும். மூன்றாவது திருத்தமே முதன்மையானது: குழந்தைகள் பெரியவர்கள்மீதும் வழக்குத் தொடுக்கலாம்.

இவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்குக் கோர்ச்சாக்கே சான்று. அரையாண்டுக் காலத்தில் ஐந்து முறை அவர் தம்மைத் தாமே மன்றத்தின் முன் நிறுத்தினார். ஒரு சிறுவனின் காதில் அறைந்தது, மற்றொருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றியது, ஒருவனை மூலையில் நிற்கவைத்தது, நீதிபதி ஒருவரை இழிவுபடுத்தியது, சிறுமி ஒருத்தியின்மீது திருட்டுப்பழி சுமத்தியது ஆகியவை அவ்வழக்குகள். பட்டியலின் கடைசி வழக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆதரவற்ற இல்லத்துச் சிறுமியை ஒரு பெரியவர் திருடி என்று கூறிவிட்டால், வேறெங்கும் அச்சொல் அவளுடன் ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கும். இங்கே அச்சொல்லைச் சொன்னவர் அவள் வயதினர் ஐவர் முன் விடைகூற வேண்டியிருந்தது. குழந்தைகளுக்குத் தாம் அநீதி செய்யாதிருப்பதற்குக் காரணம் தம் அன்பன்று, தம் தன்னிச்சையைத் தடுக்கும் நிறுவனம் ஒன்று இருப்பதே என்னும் பொருளில் அவர் எழுதியுள்ளார். இவ்வழக்குகள்தாம் தம்மைப் புதிய ஆசிரியராக்கின என்றும் கருதினார்.

நீதிமன்றம் தனித்து இயங்கவில்லை. புதிதாக வரும் குழந்தைக்கு மூன்று மாதங்களுக்கு ஒரு மூத்த தோழர் காப்பாளராக அமைவார். தொலைந்த பொருள்கள் கண்ணாடிப் பேழையில் வைக்கப்படும். பொத்தானோ கயிற்றுத் துண்டோ ஆயினும் குழந்தையின் உடைமை உடைமையே. கெட்ட பழக்கத்தை விட விரும்பும் சிறுவன் கோர்ச்சாக்குடன் பந்தயம் கட்டலாம். வாரத்திற்குப் பத்துச் சண்டை போடுபவன் உடனே உத்தமனாகிவிடுவதாகப் பந்தயம் கட்டினால் அவர் ஏற்கமாட்டார். எட்டாகக் குறைப்பதாகச் சொல்லச் சொல்வார். வென்றால் மிட்டாய் கிடைக்கும். அவன் சொல்வதே சான்று. வேறு விசாரணை இல்லை. ஓராண்டு உடன் வாழ்ந்தவர்களின் வாக்கெடுப்பால் ஒவ்வொருவர்க்கும் தோழர் முதலான குடிநிலை வழங்கப்பட்டது. தாழ்ந்த நிலை பெற்றவர் திருந்திக் காட்டி மறுவாக்கெடுப்பால் உயரவும் முடிந்தது.

முதல் உலகப்போரின்போது கீவ் நகரில் அறிமுகமான மரியா ஃபல்ஸ்கா என்பவருடன் இணைந்து, போலந்துத் தொழிலாளர் குழந்தைகளுக்காக 1919 இல் தொடங்கப்பட்ட ‘நம் இல்லம்’ என்னும் நிறுவனத்திலும் இம்முறைகள் பின்பற்றப்பட்டன. 1923 இல் வெளிவந்த ‘முதலாம் மாத்தியூஸ் அரசன்’ என்னும் கதை, ஆட்சிக்கு வந்த சிறுவன் ஒருவன் குழந்தைகளுக்கு நாடாளுமன்றம் அமைத்துப் படும் பாட்டைச் சொல்கிறது. 1926 இல், குழந்தைகளே செய்தி எழுதும் வார இதழைத் தொடங்கினார். 1934 முதல் வானொலியில் ‘முதிய மருத்துவர்’ என்ற பெயரில் பேசினார். யூதர் என்ற காரணத்தால் தம் பெயரைச் சொல்லிக்கொள்ள இயலாத நிலை அப்போது நாட்டில் உருவாகியிருந்தது. 1936 இல் அந்நிகழ்ச்சியும் நிறுத்தப்பட்டது.

போலந்து விடுதலை பெற்றபின் 1919 இல் அங்கும் சிறார் நீதிமன்றங்கள் அமைக்கச் சட்டம் வந்தது. வார்சாவின் நீதிமன்றத்தில் சிறார் வழக்குகளில் கருத்துரைக்கும் வல்லுநராகக் கோர்ச்சாக் அழைக்கப்பட்டார். திருட்டுக்காகவும் கத்திக்குத்துக்காகவும் நிறுத்தப்பட்ட சிறுவர்களை அங்கே அவர் கண்டார். அவர் ஆசிரியப் பயிற்சி மாணவர்க்கு நடத்திய ஒரு வகுப்பு இன்றும் பேசப்படுகிறது. வகுப்பை மருத்துவமனையின் ஊடுகதிர் அறைக்கு மாற்றினார். சிறுவன் ஒருவனைத் திரைக்குப் பின் நிறுத்தி விளக்கை அணைத்தார். முன்பின் அறியாத கூட்டத்தையும் இருளையும் கருவியையும் கண்டு அஞ்சிய அச்சிறுவனின் இதயம் படபடவென்று துடிப்பது திரையில் தெரிந்தது. குழந்தையின்மீது கை ஓங்கும் முன்பும், தீர்ப்புக் கூறும் முன்பும் இந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு வகுப்பை முடித்துவிட்டார்.

சுவருக்குள்

1939 செப்டம்பரில் செருமானியப் படைகள் போலந்தைக் கைப்பற்றின. 1940 நவம்பரில் வார்சாவின் யூதர்கள் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உயர்ந்த சுவரால் சூழப்பட்ட சிறு பகுதிக்குள் அடைக்கப்பட்டனர். க்ரோக்மால்னா இல்லம் சுவருக்கு வெளியே நின்றுவிட்டது. குழந்தைகளுடன் இடம்பெயர்ந்தபோது, உருளைக்கிழங்கு ஏற்றிய வண்டி பறிமுதல் செய்யப்பட்டது. அதைக் கேட்டு அதிகாரிகளிடம் சென்ற கோர்ச்சாக், யூதர் அணிய வேண்டிய கைப்பட்டை அணியாதிருந்ததால் சிறையில் அடைக்கப்பட்டார். அவரிடம் வளர்ந்த பழைய மாணவர்கள் பணம் திரட்டி அவரை மீட்டனர்.

பசியும் கொள்ளைநோயும் சூழ்ந்த அந்நாள்களில் அவர் கோணிப்பையுடன் வீடுவீடாகச் சென்று குழந்தைகளுக்காக உணவு இரந்தார். உணவுக்காக எதுவும் செய்யலாம் என்ற நிலையில் மக்கள் தள்ளப்பட்டிருந்த இடத்தில், குழந்தைகளின் பணிமுறை, செய்தித்தாள் வாசிப்பு, நீதிமன்றம் ஆகியவை தொடர்ந்தன. வெளியே எந்தச் சட்டமும் அவர்களைக் காக்கவில்லை. ஒரு துண்டு ரொட்டியைப் பற்றிய வழக்கில் இருதரப்பும் கேட்கப்பட்ட இடம், சுவருக்கு உள்ளும் புறமுமாக அந்த நகரில் வேறெங்கேனும் இருந்திருக்குமா என்பது ஐயமே.

1942 ஜூலை 18 அன்று குழந்தைகள் ஒரு நாடகம் நடித்தனர். அது இரவீந்திரநாத் தாகூரின் ‘அஞ்சல் நிலையம்’. நோயுற்று அறைக்குள் அடைபட்ட அமல் என்னும் சிறுவன், சன்னல் வழியே போவோர் வருவோருடன் பேசி, அரசரின் கடிதத்தை எதிர்பார்த்துக் காத்திருந்து உறங்கிப்போகும் கதை அது. தாகூர் மறைந்து ஓராண்டு நிரம்பவில்லை. வங்காளத்தில் எழுதப்பட்ட அந்த அடைபட்ட அறை, சுவருக்குள் வாழ்ந்த அக்குழந்தைகளுக்கு அயலாகத் தோன்றியிருக்காது.

நான்கு நாள்களில், ஜூலை 22 அன்று, மக்களைக் கொலைமுகாமுக்கு அனுப்பும் பணி தொடங்கியது. அன்று கோர்ச்சாக்கின் பிறந்தநாள். சுவருக்கு வெளியே இருந்த போலந்து நண்பர்கள் அவரை மட்டும் தப்புவிக்க முன்வந்தனர். அவர் ஏற்கவில்லை. ஆகஸ்டு தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் ஏறத்தாழ இருநூறு குழந்தைகள் வரிசையாக நின்றனர். கோர்ச்சாக்கும் ஸ்டெஃபானியாவும் உடன் பணியாற்றியோரும் அவர்களோடு தொடர்வண்டி நிலையத்துக்கு நடந்தனர். ட்ரெப்ளிங்கா கொலைமுகாமிலிருந்து அவர்களுள் எவரும் திரும்பவில்லை.

அவர் இறுதி மாதங்களில் எழுதிய நாட்குறிப்பு மறைத்துவைத்துக் காக்கப்பட்டு 1958 இல் அச்சாயிற்று. ட்ரெப்ளிங்காவில் இன்று ஆயிரக்கணக்கான கற்கள் நடப்பட்டுள்ளன. அழிந்த ஊர்களின் பெயர்கள் பலவற்றில் பொறிக்கப்பட்டிருக்க, தனிமனிதரின் பெயர் தாங்கிய கல் ஒன்றே ஒன்று. அதில் யானுஷ் கோர்ச்சாக்கும் குழந்தைகளும் என்று எழுதப்பட்டுள்ளது.

1978 இல், குழந்தைகளின் உரிமைகளுக்கென உலக உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவையில் முன்மொழிந்த நாடு போலந்து. பத்தாண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு 1989 நவம்பர் 20 அன்று அவ்வுடன்படிக்கை நிறைவேறியது. இந்தியா 1992 இல் அதில் இணைந்தது. அதன் நாற்பதாம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட குழந்தையைப் பற்றியது. அக்குழந்தையின் கண்ணியமும் வயதும் மதிக்கப்பட வேண்டும் என்றும், அது மீண்டும் சமூகத்தில் இணைந்து பயனுள்ள பங்கேற்க வழிசெய்ய வேண்டும் என்றும் அப்பிரிவு நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது.